மெதுவாகக் கேட்டால் முப்பத்தெட்டுப் பேர்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் ஐயா வெங்கடாசலம் அவர்களே, சாமி நம்பாத என்னையும் மேடையில் பக்கத்து நாற்காலியில் பொறுத்துக்கொண்டிருக்கும் பங்குத் தந்தை அவர்களே, கூனிமேட்டிலிருந்து வந்திருக்கும் ஜமாலுதீன் பாய் அவர்களே, மகளைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி சாலமன், தங்கை லூர்துமேரி, குப்பங்களிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, பாத்தியில் உப்பு வாரிய காலோடு நேராக வந்து நிற்கும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் காசிலிங்கம். உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். சுனாமிக்குப் பிறகு இந்த உப்புக் கொட்டாயில் நாம் தொடங்கிய கடலோரப் பதிவு மையத்துக்கும் நானே செயலாளர். முப்பது வருடம் வாயிற்கூட்டம் பேசிய தொண்டை இது. ஏம்பா, அந்த மைக்கைக் கொஞ்சம் இறக்கி வை. போதும். யாரும் கைதட்டாதீர்கள்.

நம் மையத்தின் கணினிப் பொறியாளர், எம்.சி.ஏ. பட்டதாரி, உப்பளத் தொழிலாளி சாலமனின் ஒரே மகள், செல்வி வினோதினி அவர்கள், சென்ற ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், ஈ.சி.ஆர். சாலையில் விழுப்புரம் பேருந்துக்காக நின்ற இடத்தில், ஒரு வண்டி மோதி இறந்துபோனார். அவர் கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. பைக்குள் ஒரு மனு இருந்தது. அந்த மனுவின் கீழே என் கையெழுத்து இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏன் இல்லை என்று சொல்வதற்காகத்தான் நான் எழுந்து நிற்கிறேன். புகழ்ந்து பேச மற்றவர்கள் இருக்கிறார்கள். நானும் புகழ்வேன், ஆனால் என்னைத் திட்டிக்கொண்டேதான் புகழ முடியும்.

வினோதினி செய்த வேலை என்ன? உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற பொண்ணு என்று நினைத்தவர்கள்தான் அதிகம். நானே முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

2005 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். அலை வந்து மூன்று வாரம். இந்தக் கொட்டாயின் ஒரு பக்கம் உப்பு மூட்டை, மறுபக்கம் படிவங்கள். யார் எந்த வீட்டில் இருந்தார், யார் முகாமில் இருக்கிறார், யார் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார், யாரைக் காணோம். மரக்காணத்துக்கு வடக்கும் தெற்குமாக எல்லாக் குப்பத்திலும், வேலைக்காகத் தெற்கே போயிருந்தவர்கள் வரைக்கும் சேர்த்து, பன்னிரண்டாயிரம் பேரின் விவரம். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? நூறு தாள் நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அந்தப் பிள்ளையும் அப்படித்தான் சிரித்தது.

இடையஞ்சாவடியில் தான் வேலை பார்த்த அலுவலகத்தில் சொல்லி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் அதற்குள் போடும் மென்பொருளையும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார் வினோதினி. வேலையை விட்டுவிட்டேன் பெரியப்பா என்றார். சாலமன் என்னை அண்ணன் என்று கூப்பிடுவதால் நான் அவருக்குப் பெரியப்பா. என் நோட்டைப் பார்த்துவிட்டு, நோட்டில் எழுதினால் ஆள் ஒரு வரி ஆகிவிடுகிறார், நான் கொண்டுவந்திருப்பதில் ஆள் ஆளாகவே இருப்பார் என்றார். அதன் பெயர் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ். உள்ளே ஒவ்வொருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பார்கள். குழந்தை அம்மா கையை, அப்பா கையை. அப்பா வீட்டின் கையை. வீடு குப்பத்தின் கையை. ஒரு கையைத் தொட்டால் போதும், அந்தக் குடும்பம் முழுக்க எழுந்து வரும். இப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எனக்குப் புரிந்தது. தொழிற்சங்கக்காரனுக்கு அது புரியாமல் போகுமா?

நாம் அந்த இயந்திரத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. கடலோர முதல் வரிசை வீடுகளில் இருந்தவர்களில் இன்னும் திரும்பாதவர் யார், அவர்கள் குடும்பத்தில் இருப்பவர் யார்? கேள்வி சின்னது. பதில் வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த ஜனவரியில் மரக்காணத்தில் நாற்பது நிமிடம் சேர்ந்தாற்போல கரண்ட் இருந்ததைப் பார்த்தவர் யாராவது உண்டா? கரண்ட் போனால் யு.பி.எஸ். பதினைந்து நிமிடம் தாங்கும். பிறகு கீச்சுகீச்சென்று கத்தி அணைந்துவிடும். நாங்கள் கேட்போம். முக்கால்வாசி பதிலில் அணையும். மறுபடி கேட்போம். மறுபடி அணையும். பத்து நாள் இப்படிப் போனது தோழர்களே. காணாதவர்களைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு முறையும் இருட்டுதான் பதிலாக வந்தது.

அப்போதுதான் வினோதினி படித்த படிப்பு வேலைக்கு வந்தது. கேள்வியை விரைவாக்குவது எப்படி என்பதே அவர் கல்லூரியில் கடைசி வருடம் எழுதிய ஆய்வு. இயந்திரம் என்ன செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்தார். பன்னிரண்டாயிரம் பேரையும் ஒவ்வொருவராக எழுப்பி, உன் வீடு எது, அது முதல் வரிசையா என்று கேட்டுக்கொண்டிருந்தது. இதைத் திருப்பிப் போட்டார். முதல் வரிசை வீடு இருநூற்றுச் சொச்சம்தான், அங்கிருந்து தொடங்கு, வீட்டின் கையைப் பிடித்துக்கொண்டு ஆளிடம் போ என்றார். நாற்பது நிமிடம் இருபத்திரண்டு ஆனது. யு.பி.எஸ். பதினைந்துதான் தாங்கும். நான் பக்கத்தில் நின்று கத்தினேன். எனக்குப் பட்டியல் வேண்டும், பெயர் வரிசையில் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்று கத்தினேன். அவர் பெயர்களுக்கென்று தனியாக ஓர் இன்டெக்ஸ் போட்டார். பெயரைச் சொன்னால் ஆள் எங்கே என்று காட்டும் அட்டவணை. அதற்குப் பிறகு இயந்திரமே அந்தக் குறுக்கு வழியைப் பிடித்துக்கொண்டது. ஒன்பது விநாடி! நாற்பது நிமிடக் கேள்விக்கு ஒன்பது விநாடியில் பதில். முப்பத்தொரு பெயர். நான் வெளியே ஓடிப்போய் எல்லோருக்கும் டீ சொன்னேன். காணாமல் போனவர்களின் பட்டியலுக்கு டீ வாங்கிக் கொடுத்த மனிதன் நான்.

அடுத்த நாள் மத்தியானம். ஜமாலுதீன் பாய் தன் கடை ஜெனரேட்டரைக் கொடுத்தனுப்பியிருந்தார். பாய், அதற்கு இன்னும் நான் நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்லிக்கொள்கிறேன். வெளியே பாத்திகளில் வெயில் கொதித்தது. கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. ஒரு காக்கைகூட இல்லை. ஜெனரேட்டர் ஓடும்போதே பழைய வழியிலும் ஒரு தரம் கேட்டுப் பார்த்துவிடுகிறேன் என்றார் வினோதினி. எதற்கு என்றேன். ஒப்பிட என்றார். நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். பதில் வந்தது.

முப்பத்தெட்டுப் பேர்.

தவறிப்போயிருக்கும் என்று வேகமாகக் கேட்டார். முப்பத்தொன்று. மறுபடி மெதுவாக. முப்பத்தெட்டு. அதே இயந்திரம், அதே ஜனங்கள், அதே கேள்வி. பொறுத்திருந்து கேட்டால் ஏழு பேர் கூடுதலாக வருகிறார்கள். அவசரமாகக் கேட்டால் அந்த ஏழு பேரும் வருவதில்லை. நான் பகுத்தறிவு பேசுகிறவன். பேய், பிசாசு என்று சொல்பவனை இதே ஊரில் மேடை போட்டுக் கிண்டல் செய்தவன். ஆனாலும் சொல்கிறேன், அந்த வெயிலில் எனக்கு முதுகு சில்லிட்டது.

அச்செடுத்த தாளைப் பார்த்தோம். பெயர் வரிசையில் கேட்டிருந்தோம் இல்லையா? அந்த ஏழு வரிகளும் எல்லாப் பெயர்களுக்கும் மேலே, முதலில் நின்றன. பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமை. வயது இருந்தது. குப்பம் இருந்தது. ஒவ்வொரு வெறுமைக்கும் நேராக ஒரு குழந்தையின் பெயர் இருந்தது. இயந்திரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, அந்த ஏழையும் அழித்துவிடு என்றேன். வினோதினி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மெஷின் சரியாத்தான் சொல்லுது பெரியப்பா. நாமதான் அவசரப்பட்டுட்டோம். வழியத்தான் சுருக்கலாம், பதில மாத்தக் கூடாது. பதிலு மாறிடுச்சுன்னா அது வேகம் இல்ல, பொய்யி."

ஏன் அந்த ஏழு பேருக்குப் பெயர் இல்லை? தாய்மார்களே, உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். படிவம் எழுத வந்த பிள்ளைகள், வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டார்கள். நீங்கள் யாராவது வீட்டுக்காரர் பெயரை வாய்விட்டுச் சொல்வீர்களா? தலையைக் குனிந்துகொள்வீர்கள். பக்கத்தில் மாமியார் இருந்தால் சொல்வார், பிள்ளை இருந்தால் கத்திச் சொல்லும். அலைக்குப் பிறகு சில வீடுகளில் பக்கத்தில் யாரும் மிஞ்சவில்லை. எந்தப் பெண்ணையும் பெயர் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், இடத்தை விட்டுவிட்டு வாருங்கள் என்று உத்தரவு போட்டது யார்? நான்தான். மரியாதைக்காகப் போட்ட உத்தரவு. வினோதினி அந்த ஆட்களை இன்னார் குழந்தையின் அப்பா என்று மட்டும் உள்ளே வைத்திருந்தார். பெயர் இல்லாதவருக்குப் பெயர் அட்டவணையில் எப்படி இடம் இருக்கும்? வேகமாகப் போகும் வழி அந்த அட்டவணை வழியாகப் போகிறது. அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. மெதுவாகப் போகும் வழி வீடு வீடாக நின்று, குழந்தையின் கையைத் தொட்டு, இந்தக் கையை யார் பிடித்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போகிறது. அவ்வளவுதான் விஷயம். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. காரணம் தெரிந்த பிறகும் எனக்கு அந்தக் குளிர் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வினோதினி ஏழு குடும்பத்துக்கும் நடந்தார். ஆறு பெயர்கள் கிடைத்தன. ஒருவர் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினார். ஒருவர் வேறு ஊரில் இருந்த கொழுந்தனாரைக் கூட்டிவந்து சொல்லச் சொன்னார். ஏழாவது வீடு சாமுண்டீஸ்வரி அவர்களுடையது. அவர் இங்கேதான் அமர்ந்திருக்கிறார். அவரைப் பற்றிப் பேச இன்று காலை அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன்.

பழவேற்காட்டுப் பக்கமிருந்து வந்து, அந்தக் குப்பத்தில் ஒரு வருடம்கூட முழுசாக இருக்காத குடும்பம். புருஷன், பெண்டாட்டி, மூன்று வயதுப் பிள்ளை பிரியங்கா. அங்கே எல்லோரும் அந்த மனிதரைப் பழவேற்காட்டார் என்றே கூப்பிட்டார்கள். ஒருவருக்கும் பெயர் தெரியாது. ரேஷன் கார்டு, கல்யாணப் போட்டோ எல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. பிள்ளைக்கு அப்பா என்ற ஒரு சொல்தான் தெரியும். வினோதினி போய்க் கேட்டபோது சாமுண்டீஸ்வரி அவர்கள் சொன்னதை வினோதினியே எனக்கு அப்படியே சொன்னார்.

"அவரு பேர நான் வாயால சொன்னதே இல்லம்மா. இப்ப சொன்னா, அவரு இல்லன்னு நானே ஊருக்குச் சொல்ற மாதிரி ஆயிடும். சொல்லாத வரைக்கும் வெளிய போயிருக்காரு, அவ்ளோதான்."

வேறு யாராக இருந்தாலும் ஏதோ ஒரு பெயரைப் போட்டு முடித்திருப்பார்கள். நானே சொன்னேன், ஏழுமலையோ ஏதோ ஒன்றைப் போடும்மா, யாருக்குத் தெரியப் போகிறது என்று. வினோதினி மறுத்துவிட்டார். பெயரை மாற்றுவதற்குப் பதிலாகக் கேள்வியை மாற்றிவிடுகிறேன் என்றார். இரண்டு பகல் எழுந்திருக்கவே இல்லை. உப்புக் காற்றில் கீபோர்டு எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். துணியால் துடைத்துத் துடைத்து அடித்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடித்தார். பெயர் இல்லாதவரையும் விடாமல் கூட்டிவரும் வழி, ஐம்பது விநாடியில். பதில் முப்பத்தெட்டு. நாற்பது நிமிட வழி சொன்ன அதே முப்பத்தெட்டு. இதுவல்லவா வேலை! இதுவல்லவா படிப்பு!

மறுநாள் திங்கட்கிழமை, 2005 மார்ச் மாதம். அதிகாரிகளும் தொண்டு அமைப்புகளும் கூடி, காணாதவர் இறுதிப் பட்டியலை ஒப்பிட்டு மூடும் கூட்டம். அந்தப் பட்டியலில் இருக்கும் குடும்பத்துக்குத்தான் புதுக் குடியிருப்பில் வீடு. காலையில் என் மேசையில் இரண்டு தாள் இருந்தன. ஒன்று வினோதினியின் ஐம்பது விநாடித் தாள். முப்பத்தெட்டு வரி, முதல் வரியில் பெயர் இல்லை. இன்னொன்று ஒன்பது விநாடித் தாள்; ஆறு பெயர் சேர்ந்ததால் முப்பத்தேழு வரி, எல்லாம் பெயரோடு, சுத்தமாக. ஒப்பிட்டுப் பார்க்க வினோதினிதான் வைத்திருந்தார்.

நான் எதை எடுத்துக்கொண்டு போனேன்?

சொல்லுங்களேன். எதை எடுத்துக்கொண்டு போயிருப்பேன்? அதிகாரிகள் முன்னால் முதல் வரியே காலியாக இருக்கும் தாளை நீட்டினால் சிரிப்பார்களே, காசிலிங்கம் கணக்குத் தெரியாதவன் என்பார்களே என்று நினைத்தேன். முப்பத்தேழைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். ஒரு மனிதனை என் கௌரவத்துக்காக வெளியே நிறுத்திவிட்டு, பேருந்து ஏறி வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

முப்பத்தேழு குடும்பத்துக்கும் வீடு எழுந்தது. சாமுண்டீஸ்வரி அவர்கள் இன்றைக்கும் தார் ஷீட் கொட்டாயில் இருக்கிறார்.

அன்றைக்குச் சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் வினோதினி என்னிடம் சண்டை போடவில்லை. ஒரு மனு தயாரித்தார். பிரியங்காவின் தந்தை, மீனவர், காணவில்லை, இந்தத் தேதியில் மையத்தின் பதிவில் இருந்தார், செயலாளர் விட்டுவிட்டார். இவ்வளவுதான் அதில். செயலாளர் கையெழுத்துப் போட்டால் பட்டியலைத் திறக்க வழி இருந்தது. நான் போடவில்லை. அடுத்த வாரம் என்றேன். பிறகு அதற்கும் அடுத்த வாரம். பதினாறு மாதம் தோழர்களே. நிர்வாகத்தின் தப்பை எத்தனை வாயிலில் நின்று கத்தியிருக்கிறேன்! என் தப்பை ஒரு தாளில் ஒப்புக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பதினொரு மணிக்கு வினோதினி அந்தக் கேள்வியைக் கேட்பார். சாமுண்டீஸ்வரி அவர்கள் பிள்ளையோடு வந்து உட்கார்ந்திருப்பார். மற்றவர்களுக்கெல்லாம் இறந்த தேதி பதிவாகி, ஒவ்வொருவராகக் காணாதவர் பட்டியலிலிருந்து இறங்கிப்போனார்கள். கடைசியில் பட்டியலில் ஒரே ஒரு வரி. பெயர் இல்லாத வரி. போட்டோவும் இல்லாத அந்த வீட்டில், அந்த மனிதர் இருந்ததற்கு உலகத்தில் மிஞ்சியது திரையில் அந்த வெறுமை ஒன்றுதான். பிள்ளை அதைத் தொட்டு அப்பா என்று சொல்லக் கற்றுக்கொண்டது. தொட்ட இடத்தில் விரல் அடையாளம் இருக்கும். வினோதினி அதைத் துடைக்க மாட்டார்.

இந்த வருடம் ஜனவரியில் ஒன்று நடந்தது. வழக்கம்போல அந்த வரி வந்தது. வயது நாற்பத்தொன்று என்று இருந்த இடத்தில் நாற்பத்திரண்டு என்று வந்தது. கிருபாதான் முதலில் பார்த்தார். நம் மையத்தில் தொண்டு செய்யும் பெண், அதோ வாசல் ஓரம் நிற்கிறார். யார் மாற்றியது என்று எல்லோரையும் கேட்டோம். யாரும் தொடவில்லை. பிறகு வினோதினி விளக்கினார். வயதை இயந்திரம் பிறந்த வருடத்திலிருந்து தானாகக் கணக்குப் போடுகிறது. இறந்த தேதி போட்டுவிட்டால் வயது அங்கேயே நின்றுவிடும். இவருக்கு யாரும் தேதி போடவில்லை. நான் பட்டியலில் சேர்க்காததால் போட முடியவில்லை. அதனால் வயது ஏறுகிறது. அலையில் போன முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தேழு பேர் நின்றுவிட்டார்கள். ஒருவருக்கு மட்டும் உள்ளே இருந்தபடியே ஒரு வயது கூடியிருக்கிறது. என் கை செய்த வேலை அது. சாமுண்டீஸ்வரி அவர்கள் அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வயது ஏறுகிறதென்றால் ஆள் இருக்கிறார் என்றுதானே அர்த்தம் என்று கேட்டார்.

கடைசிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். வினோதினி மனுவை மறுபடி நீட்டினார். சங்கத்து வேலை ஆயிரம் தலைக்குமேல் இருந்தது, கோபம் வந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல நாக்கு கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். "நான் செத்தப்புறம் வந்து கைநாட்டு வாங்கிக்க" என்று கத்தினேன். அவர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை, கையெழுத்து இல்லாத மனுவை எடுத்துக்கொண்டு, தானே நேரில் பேசிப் பார்க்கலாம் என்று விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். நான் போட்டிருந்தால் அந்தப் பேருந்துக்கு நின்றிருக்க வேண்டியவன் நான். சாலமா, லூர்துமேரி, உங்கள் மகள் என் இடத்தில் நின்றுதான் செத்தாள். மன்னிப்புக் கேட்க எனக்கு அருகதை இல்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்தோம். சனிக்கிழமை நானும் கிருபாவும் பூட்டைத் திறக்க வந்தோம். வாசலிலேயே நின்றுவிட்டோம். உள்ளே சத்தம். பூட்டிய கொட்டாய்க்குள் பிரிண்டர் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. கிருபா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். மணி பதினொன்று. கரண்ட் இருந்தால் இயந்திரம் தானே எழுந்து, அந்தக் கேள்வி சனிக்கிழமைதோறும் தானாகவே ஓடும்படி வினோதினி எப்போதோ ஏற்பாடு செய்துவைத்திருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மண்ணுக்குள் போய்விட்ட பெண் கேட்ட கேள்விக்கு இயந்திரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே போய்த் தாளைக் கிழித்தெடுத்தேன். ஒரே வரி. பெயர் இல்லை. வயது நாற்பத்திரண்டு. பிரியங்காவின் தந்தை.

அந்த மஞ்சள் பையைப் போலீசார் சாலமனிடம் கொடுத்தார்கள். சாலமன் என்னிடம் கொடுத்தார். மனு இதோ. மடிப்பு அப்படியே இருக்கிறது. உங்கள் எல்லோர் முன்னிலையிலும் கையெழுத்துப் போடப் போகிறேன். அதற்கு முன் இன்று காலை சாமுண்டீஸ்வரி அவர்களின் கொட்டாய்க்குப் போய், உங்கள் வீட்டுக்காரரை நான்தான் விட்டுவிட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். தெரியும் என்றார். அந்தப் பொண்ணு ஒரு நாளும் உங்களை விட்டுக்கொடுத்ததில்லை, நானே யூகித்துக்கொண்டேன் என்றார். வீடு வந்துவிடும், நான் நாளைக்கே போகிறேன் என்றேன். அவர் சொன்னார்.

"கையெழுத்துப் போடுங்க. வூடு புள்ளைக்கு வேணும். ஆனா செத்துட்டாருன்னு மட்டும் எழுதிடாதீங்க. வயசு ஏறட்டும்."

தோழர்களே, இதோ போட்டுவிட்டேன். காசிலிங்கம், செயலாளர். தேதி போட்டிருக்கிறேன். பெயர் இருக்கவேண்டிய இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். நாளைக் காலை முதல் பேருந்தில் போகிறேன். பெயர் இல்லாமல் வாங்க முடியாது என்று சொன்னால், வாங்கும்வரை அந்த ஆபீஸ் வாசலில் உட்காருவேன். உட்காருவதில் எனக்குப் பழக்கம் உண்டு. இந்த மையம் மூடப்படாது. கிருபா வினோதினியிடம் கற்றுக்கொண்டதை மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். சனிக்கிழமை பதினொரு மணிக்கு அந்தக் கேள்வி கேட்கப்படும், நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எத்தனை வேகம் வந்தாலும் விடையில் ஓர் ஆள் குறைய விடமாட்டோம். பொறியாளர் வினோதினிக்கு இந்தச் சங்கமும் இந்த மையமும் கொடுக்கும் வாக்கு இது.

இன்னும் ஒரு வேலை இருந்தது. முதல் நாள் படிவம் எழுதும்போதே வினோதினி தன்னையும் அந்த இயந்திரத்துக்குள் எழுதிவைத்திருந்தார். ஒரு கையில் சாலமன், ஒரு கையில் லூர்துமேரி. இறந்த தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது. கிருபா மாட்டேன் என்று அழுதார். நான்தான் ஒற்றை விரலால் அடித்தேன்.

வருகிற ஜனவரியில் பிரியங்காவின் அப்பாவுக்கு நாற்பத்து மூன்று வயதாகும். நம் வினோதினிக்கு இருபத்தெட்டுதான். எழுந்து நில்லுங்கள், அவருக்காகச் சற்று நேரம் பேசாமல் இருப்போம்.